காரின் காற்றுத் தர சென்சார்: அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிக்கும் வழி

முன்னால் போகும் டீசல் லாரி புகை கக்குகிறது, ஏசி ஆட்டோவில்தான் இருக்கிறது, ஆனால் வெளிக்காற்று ஃப்ளாப் (வெளிக்காற்றை உள்ளே விடும் மடிப்புக் கதவு) மூடவில்லை; நாற்றம் முழுக்க உள்ளே. இன்னொரு வண்டியில் இதற்கு நேர்மாறு: வெளியே சுத்தமான காற்று, ஃப்ளாப் திறக்க மாட்டேன் என்கிறது, கண்ணாடி பனித்து வழி மறைகிறது. இரண்டுக்கும் பழி விழுவது காற்றுத் தர சென்சார் மேல். புது சென்சார் வாங்கிப் போட்ட பிறகும் அதே கோளாறு தொடர்ந்தால், பழுது ஃப்ளாப் மோட்டாரிலோ, ஒயரிலோ, வண்டியின் ஆட்டோ விதிகளிலோ இருந்திருக்கிறது என்று பொருள். சென்சாரைக் கடைசியில் சந்தேகியுங்கள். அதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகள் பெரும்பாலும் செலவில்லாதவை.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

"காற்றுத் தர சென்சார்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருட்கள் புழங்குகின்றன. இதைப் பிரித்துக்கொள்ளாமல் தொடங்கினால் நேரம்தான் வீணாகும்.

முதலாவது வாயு சென்சார். வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகும் பள்ளத்திலோ, முன் கிரில்லுக்குப் பின்னால் ஏசி கண்டென்சர் அருகிலோ இருக்கும். தீப்பெட்டி அளவுதான், பெரும்பாலும் மூன்று ஒயர். உள்ளே டின் ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடு படலம், அதைச் சில நூறு டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் குட்டி ஹீட்டர். இது வெளிக்காற்றை முகர்ந்து பார்த்து, புகை வந்தால் ஃப்ளாப்பை மூடச் சொல்லும். திரையில் எண் எதையும் காட்டாது.

இரண்டாவது தூசு சென்சார், அதாவது பிஎம் 2.5 (நுண்தூசி) என்று திரையில் எண் காட்டுவது. கேபினுக்குள், சீட்டுக்கு அடியிலோ நடு கன்சோலிலோ கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ இருக்கும். ஒரு குட்டி மின்விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும், அந்தச் சிதறலை ஒரு ஒளி உணரி எண்ணும்.

மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு சென்சார். சில வண்டிகளில் மட்டும்.

இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாருக்கும் இவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் குறைந்துவிட்டது, இன்ஜின் விளக்கு எரிகிறது என்றால் நீங்கள் தேடவேண்டிய இடம் வேறு. காற்றுத் தர சென்சார் செத்துப்போனாலும் இன்ஜின் வழக்கம்போல ஓடும்.

பழுது போலத் தெரிந்தாலும் பழுது அல்ல

வண்டி ஓட்டுபவரைக் குழப்பும் விதிகள் சில இந்த அமைப்புக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

சாவி போட்டதும் வாயு சென்சார் வேலை செய்யாது. ஹீட்டர் சூடாக அரை நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக ஆகும். அதுவரை ஏசியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதன் பேச்சைக் கேட்காது. தரைத்தளத்துக்குக் கீழே உள்ள பார்க்கிங்கில் வண்டியை எடுத்ததும் புகை நாற்றம் உள்ளே வருவது இதனால்தான்.

அந்த பார்க்கிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை சென்சார்கள் பலவற்றில் நிலையான அளவு என்று ஒன்று கிடையாது. சுற்றியிருக்கும் காற்றையே அடித்தளமாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து திடீரென்று கூடினால்தான் எச்சரிக்கும். எடுத்த எடுப்பிலேயே புகை மண்டிய இடம் என்றால் அதுவே "வழக்கமான காற்று" ஆகிவிடுகிறது. நீளமான சுரங்கப் பாதையில் சில நிமிடங்கள் கழித்து ஃப்ளாப் திறப்பதும் இந்தக் கணக்குதான். வெளிவந்து நல்ல காற்றில் கொஞ்சம் ஓடினால் சரியாகிவிடும்.

முன் கண்ணாடியின் பனி நீக்கும் பட்டன் போட்டிருந்தால் தானியங்கி மூடல் ரத்தாகும். வெளியே நல்ல குளிர் என்றாலோ ஏசி பட்டனை அணைத்திருந்தாலோ பல வண்டிகள் உள்சுற்றுக்கு (ஃப்ளாப் மூடி, உள்காற்றே சுற்றும் நிலை) போக மறுக்கும், போனாலும் சில நிமிடங்களில் திரும்பும். கண்ணாடி பனிக்காமல் இருக்கவே அப்படி. கண்ணாடி கழுவும் நீரை அடிக்கும்போது ஃப்ளாப் தானாக ஒரு முறை மூடித் திறந்தால் அதுவும் சில வண்டிகளில் வேண்டுமென்றே வைத்த வசதி.

உள்சுற்றை நீங்களே கையால் அமுக்கி வைத்திருந்தால் ஆட்டோ போய்விடும். பட்டனில் தானியங்கி அடையாளம் எரிகிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் "சென்சார் செத்துவிட்டது" என்ற முடிவுக்கு முன்னால் இதைப் பார்த்தால் பல சமயம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எல்லா அறிகுறிக்கும் பொதுவான முதல் சோதனை

ஒரு மெல்லிய டிஷ்யூ தாள் போதும். இன்ஜின் ஓடவேண்டாம், சாவி ஆன். விசிறி உச்ச வேகம். வைப்பருக்குக் கீழே காற்று போகும் கிரில் மேல் தாளைப் பிடியுங்கள். வெளிக்காற்று நிலையில் தாள் கிரில்லோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் உள்சுற்றுப் பட்டனை அமுக்கினால் ஓரிரு வினாடிகளில் தாள் தளர்ந்து விழவேண்டும். உள்ளே விசிறிச் சத்தமும் கூடிக் கேட்கும். மறுபடி அமுக்கினால் தாள் திரும்ப ஒட்டவேண்டும்.

இது நடக்கவில்லை என்றால் சென்சாரை மறந்துவிடுங்கள். பழுது ஃப்ளாப்பில். கேபின் ஃபில்டரைக் கழற்றி, அந்த வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஃப்ளாப் அங்கிருந்தே தெரியும். காய்ந்த இலை ஒன்று விளிம்பில் சிக்கியிருக்கும், அல்லது ஓரத்து ஃபோம் பிய்ந்து சுருண்டிருக்கும். டக், டக் என்று தட்டும் சத்தம் வந்தால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. பேட்டரி கழற்றி மாட்டிய பின் கோளாறு தொடங்கியிருந்தால் மோட்டார் தன் இரு எல்லைகளை மறந்திருக்கும். ஸ்கேனர் (வண்டியின் பிழைக்குறிகளைப் படிக்கும் கருவி) மூலமோ, வண்டிக் கையேட்டில் சொன்ன பட்டன் முறையிலோ திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. மலிவான ப்ளூடூத் கருவிகளும் பொதுவான செயலிகளும் இன்ஜின் வரிசைப் பிழைக்குறிகளை மட்டுமே படிக்கும். இங்கே பிழை இருந்தால் அது ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டியில், பாடி வரிசையிலோ நெட்வொர்க் வரிசையிலோ பதிவாகியிருக்கும். "கோட் எதுவும் இல்லை" என்று அந்தக் கருவி சொன்னால், அது அந்தப் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஏசி பெட்டிக்குள் போகக்கூடிய ஸ்கேனரில் சென்சாரின் நேரடி மதிப்பும் தெரியும், ஃப்ளாப்பை அங்கிருந்தே இயக்கியும் பார்க்கலாம்.

அறிகுறி 1: ஆட்டோவில் எப்போதும் உள்சுற்று, கண்ணாடி பனிக்கிறது

பட்டனால் ஃப்ளாப் ஒழுங்காக ஆடுகிறது, ஆட்டோவில் மட்டும் மூடியே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே சென்சாரின் சிக்னல் எந்த வகை என்று புரிந்தால் பாதிப் பழுது கண்டுபிடித்தாயிற்று.

பழைய, எளிய வகையில் கட்டுப்பாட்டுப் பெட்டி சிக்னல் ஒயரில் 5 வோல்ட்டை வைத்திருக்கும். காற்று சுத்தம் என்றால் அந்த 5 வோல்ட் அப்படியே நிற்கும். புகை வந்தால் சென்சார் அதை 0க்கு இழுத்துவிடும். இப்போது யோசியுங்கள்: அந்த ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால்? பெட்டிக்கு அது 0 வோல்ட், அதாவது "வெளியே புகை". ஒயர் அறுந்துபோனால்? 5 வோல்ட் நிற்கும், அதாவது "எப்போதும் சுத்தம்". ஒரே ஒயரில் இரண்டு விதப் பழுது, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அறிகுறிகள். இரண்டுமே நியாயமான மதிப்பாகத் தெரிவதால் பிழைக்குறியும் பதிவாகாமல் போகலாம்.

செய்முறை: சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள், சாவி ஆன், ஆட்டோவில் வையுங்கள். ஃப்ளாப் திறந்துவிட்டால் ஒயர் நன்றாக இருக்கிறது. சென்சார்தான் 0க்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. திறக்கவில்லை என்றால் ஒயர் பக்கத்துக் கனெக்டரில் சிக்னல் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள். 5 வோல்ட் இருந்தால் ஒயர் சரி. பெட்டியின் அமைப்பையோ வேறு விதியையோ தேடவேண்டும். 0 என்றால் சாவியை அணைத்து, பெட்டிப் பக்கத்துக் கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஒயருக்கும் பாடிக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். சில ஓம் காட்டினால் எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது. முன் பம்பரின் இரும்பு முனை, ஹெட்லைட் பிராக்கெட், ஃபயர்வால் ரப்பர் துளை: வழக்கமாக உரசும் இடங்கள் இவை.

புதிய வண்டிகளில் சிக்னல் துடிப்பாக வரும், அல்லது லின் என்ற ஒற்றை ஒயர் நெட்வொர்க் வழியாக வரும். துடிப்பு வகையை சாதாரண மல்டிமீட்டரில் வோல்ட்டாகப் பார்த்தால் சராசரிதான் தெரியும். டியூட்டி (துடிப்பு எவ்வளவு பங்கு நேரம் ஆனில் இருக்கிறது என்பது) அளக்கும் வசதியோ சின்ன ஆசிலோஸ்கோப்போ வேண்டும். லின் ஒயர் பேசிக்கொண்டிருந்தால் மீட்டரில் பேட்டரி வோல்ட்டைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆடிக்கொண்டே இருக்கும். அசையாமல் 0 என்றால் எங்கோ எர்த் ஆகிறது. அசையாமல் 12க்கு மேல் என்றால் யாரும் பேசவில்லை. ஒரே லின் ஒயரில் ஃப்ளாப் மோட்டார்களும் தொங்கிக்கொண்டிருக்கலாம். அதில் ஒன்று கெட்டு ஒயரை எர்த்தில் பிடித்திருந்தாலும் சென்சார் செத்ததுபோலத் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது வோல்ட் எழும்புகிறது என்று பாருங்கள்.

அறிகுறி 2: எவ்வளவு புகை வந்தாலும் மூடுவதில்லை

முதலில் கரண்ட் வருகிறதா பாருங்கள். கையேட்டில் ஏசி கட்டுப்பாட்டுக்கு உரிய ஃபியூஸ்களைப் பாருங்கள். பிறகு கனெக்டரில் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே வோல்ட்: பேட்டரி வோல்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக்கூடாது.

மீட்டர் 12 வோல்ட் காட்டியதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பச்சை பூத்த, ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும் மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை அந்த இரு பின்களுக்கு இடையே வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் லைன் நல்லது. மங்கினால் எங்கோ தடை. ஆனால் இந்தப் பல்பு வேலையை 12 வோல்ட் சப்ளையில் மட்டும்தான் செய்யவேண்டும். 5 வோல்ட் சப்ளையிலோ சிக்னல் ஒயரிலோ பல்பை வைத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே போய்விடலாம்.

சப்ளை சரி, எர்த் சரி. இப்போது சென்சாருக்கு எதையாவது முகரக் கொடுத்துப் பார்க்கலாம். இன்ஜின் அணைந்திருக்கட்டும், சாவி ஆன், ஏசி ஆட்டோ, விசிறி மெதுவாக. ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். ஹீட்டர் சூடாகி அடித்தளம் நிலைக்கவேண்டும். பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் (ஸ்பிரிட்) சில சொட்டு விட்டு, சென்சாருக்குப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். சில வினாடிகளில் ஃப்ளாப் மூடவேண்டும். பஞ்சை எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் திறக்கவேண்டும். சென்சார் மேல் நேரடியாக ஊற்றுவதும், லைட்டர் வாயுவை அதன் முகத்திலேயே அடிப்பதும் வேண்டாம். படலம் நிறைந்துபோய் நெடுநேரம் மயங்கிக் கிடக்கும்.

ஸ்பிரிட்டுக்கு மூடுகிறது, டீசல் புகைக்கு மட்டும் மூடுவதில்லை என்றால்? இது நடக்கக்கூடியதுதான். இந்த சென்சார்களில் பெரும்பாலும் இரண்டு படலங்கள் உண்டு. ஒன்று கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் போன்றவற்றுக்கு, அதாவது பெட்ரோல் புகைக்கு. அவை படும்போது அதன் மின்தடை இறங்கும். இன்னொன்று நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு, அதாவது டீசல் புகைக்கு. அங்கே மின்தடை ஏறும். ஒன்று செத்து ஒன்று உயிரோடு இருக்கலாம். ஸ்பிரிட் சோதனை முதல் படலத்தை மட்டும்தான் தொடுகிறது. எனவே ஸ்பிரிட்டில் தேறிவிட்டது என்பதற்காக முழு மதிப்பெண் கொடுத்துவிட வேண்டாம். ஸ்கேனரில் நேரடி மதிப்பைத் திறந்துவைத்து, திறந்த சாலையில் டீசல் வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்ப்பதுதான் இரண்டாவது படலத்துக்கான சோதனை. ஸ்கேனரைப் பார்க்கப் பக்கத்து சீட்டில் ஆள் வேண்டும்.

எதற்குமே அசையவில்லை என்றால் சென்சார் கெட்டுவிட்டது. ஏன் கெட்டது என்று தெரியாமல் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும். முக்கியமான எதிரி சிலிக்கான். டேஷ்போர்டு பளபளப்பாக்கும் ஸ்பிரே, ரப்பர் பீடிங்குக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரே, காயாத சிலிக்கான் சீலன்ட் இவற்றிலிருந்து எழும் ஆவி, சூடான படலத்தில் பட்டதும் எரிந்து கண்ணாடி போன்ற சிலிக்காவாகப் படிந்துவிடும். வாயு அதைத் தாண்டிப் போக முடியாது. இதைக் கழுவி எடுக்க வழியே இல்லை. வைப்பர் பள்ளத்தில் ஒழுகுகிறது என்று யாராவது சிலிக்கான் சீலன்ட் தடவியிருந்தால், சென்சார் இறந்த காரணம் அங்கேயே வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

சில சமயம் படலம் நன்றாக இருக்கும், அதற்கு மேலுள்ள நுண்துளைத் தாள் சேறாலோ மெழுகுப் பாலிஷாலோ அடைத்திருக்கும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஈரத் துணியால் லேசாகத் துடையுங்கள். கம்ப்ரசர் காற்று, பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் எதுவும் அருகில் வரக்கூடாது.

அறிகுறி 3: ஓயாமல் திறப்பதும் மூடுவதும்

இது எப்போது நடக்கிறது என்று கவனியுங்கள். மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் என்றால் கனெக்டர் தளர்ந்திருக்கிறது; ஒயர் கட்டை லேசாக அசைத்தபடி நேரடி மதிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். நெரிசலில் மட்டும் என்றால் அது அதன் வேலையைச் செய்கிறது. தொந்தரவாக இருந்தால் உணர்திறனைக் குறைக்கும் அமைப்பு உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள்.

வண்டி நிற்கும்போது மட்டும் மூடுகிறது, வேகமாக ஓடும்போது திறந்தே இருக்கிறது என்றால் உஷாராக வேண்டியது இங்கேதான். அப்போது சென்சார் பொய் சொல்லவில்லை, உங்கள் வண்டியின் புகையையே முகர்கிறது. பானெட்டின் பின்விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங் பிய்ந்திருந்தால் இன்ஜின் அறைக் காற்று நேராக வைப்பர் பள்ளத்துக்குப் போகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் கசிவு, சூடான இடத்தில் ஆயில் சொட்டு, எரிபொருள் குழாய்க் கசிவு எல்லாமே இப்படித்தான் முதலில் தலைகாட்டும். பெட்ரோல் நாற்றம் அடித்தால் சாவியை அணைத்துவிட்டு கசிவைத் தேடுங்கள். இன்ஜினைத் திரும்ப ஓட்டவேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது என்பதால், எக்ஸாஸ்ட் கசிவு சந்தேகம் இருக்கும்வரை நின்றபடி ஏசி போட்டு உட்காராதீர்கள். இந்த நிலையில் எரிச்சலில் சென்சார் கனெக்டரைப் பிடுங்கிவிடுவது மிக மோசமான தீர்வு.

அறிகுறி 4: மழைக்குப் பிறகோ கழுவிய பிறகோ மட்டும் கோளாறு

முன் கிரில்லில் சென்சார் உள்ள வண்டிகளின் நோய் இது. உயர் அழுத்தத் தண்ணீரை கிரில்லுக்குள் நேராக அடித்தால் கனெக்டர் சீலைத் தாண்டி நீர் போகும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பின் மங்கிய வெள்ளி நிறத்தில் இருக்கும். கெட்டுப்போனதன் அடியில் பச்சையோ வெள்ளையோ பொடி பூத்திருக்கும், சீல் வளையத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு நீர் இன்னும் நின்றுகொண்டிருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்க உலரவிடுங்கள். பின் அரித்துப்போய் மெலிந்திருந்தால் கிளீனரால் பயனில்லை, டெர்மினலை மாற்றவேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. நீர் புகாமல் இருக்க எல்லோரும் தடவும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் பெரும்பாலும் சிலிக்கான்தான். மேலே சொன்ன விஷத்தை நாமே கொண்டுபோய் சென்சாருக்குப் பக்கத்தில் பூசுவதாகிவிடும். சிலிக்கான் இல்லாத கான்டாக்ட் கிரீஸ் வாங்குங்கள், இல்லாவிட்டால் எதுவும் தடவாமல் புது சீல் வளையம் மட்டும் போடுங்கள். ஒயர் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் ஒயரில் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

அறிகுறி 5: திரையில் கோடு, அசையாத 0, அல்லது அசையாத உச்ச எண்

இது தூசு சென்சாரின் கதை. எண்ணுக்குப் பதில் கோடு தெரிந்தால், முதல் ஒரு நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகும் கோடு என்றால் சென்சார் பேசவில்லை. ஃபியூஸ், கனெக்டர், லின் ஒயர், மேலே சொன்ன அதே வரிசை. சீட்டுக்கு அடியில் இருக்கும் வகையில், சீட்டை முன்னும் பின்னும் தள்ளும்போது ஒயர் சிக்கி இழுபடுவது சகஜம்.

எப்போதும் 0: ஏசி விசிறியை முழுக்க அணைத்து, சென்சாருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். கொசு ரீங்காரம்போல குட்டி விசிறிச் சத்தம் கேட்கவேண்டும். தொடர்ந்து ஓடாமல் விட்டு விட்டு ஓடும் வகையும் உண்டு, அதனால் சில நிமிடங்கள் கேளுங்கள். சத்தமே இல்லை என்றால் விசிறி நின்றுவிட்டது. காற்று வராதபோது தூசியும் வராது, எண்ணும் வராது. சத்தம் இருந்தும் 0 என்றால் காற்று போகும் துளையைத் தரைவிரிப்போ ஒரு நெகிழிப் பையோ மூடியிருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் லேசர் அணைந்துவிட்டது, மாற்றவேண்டியதுதான்.

எப்போதும் 999 போன்ற உச்ச எண்: லேசர் பாதையில் எதுவோ நிரந்தரமாக நிற்கிறது. ஒரு முடி, துணி இழை, சிலந்தி நூல் போதும். ஒற்றை நூலில் பட்டுச் சிதறும் ஒளி ஆயிரம் தூசிக்குச் சமம் என்று உணரி நினைத்துக்கொள்ளும். வாக்யூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து காற்றுத் துளையில் ஒரு நிமிடம் காட்டுங்கள். பிறகு கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ஊதியால் நாலைந்து முறை ஊதுங்கள். கம்ப்ரசர் காற்று இங்கும் வேண்டாம், அந்தக் குட்டி விசிறியின் பேரிங் தாங்காது. பெட்டியைப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பிரியுங்கள். மூடியிருக்கும்வரை பாதுகாப்பான லேசர், திறந்த நிலையில் கண்ணுக்கு ஆபத்து.

சுத்தம் செய்த பின் சோதிக்க ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்து அணைத்து, அந்த மெல்லிய புகையைச் சென்சாரிலிருந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளிக் காட்டுங்கள். பத்துப் பதினைந்து வினாடிகளில் எண் துள்ளி ஏறவேண்டும். கதவுகளைத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் பழைய நிலைக்கு இறங்கவேண்டும். ஏறுகிறது, ஆனால் இறங்கவே மாட்டேன் என்கிறது என்றால் உள்ளே இன்னும் அழுக்கு.

அறிகுறி 6: எண் நகர்கிறது, ஆனால் நம்பமுடியவில்லை

கைபேசிச் செயலி ஒன்று சொல்கிறது, வண்டி வேறொன்று சொல்கிறது என்பது பழுதுக்குச் சான்று ஆகாது. வண்டி காட்டுவது அந்த நொடியில் ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்தூசி என்பது. செயலி காட்டுவது பல நேரம் குறியீட்டு எண், அதாவது பல மணி நேரச் சராசரியை ஒரு அட்டவணை மூலம் மாற்றியது. அந்த அட்டவணையும் நாட்டுக்கு நாடு மாறும்: 60 மைக்ரோகிராம் இந்திய அளவுகோலில் 100, அமெரிக்க அளவுகோலில் 150ஐத் தாண்டிவிடும். அலகைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடவேண்டாம். இந்த வகை சென்சார்கள் குறைந்த அளவுகளில் பத்து மைக்ரோகிராம் இப்படியோ அப்படியோ பிசகுவதும் இயல்பே.

ஈரப்பதம் இன்னொரு குறும்புக்காரன். மழை நாளில் ஈரப்பதம் 80, 85 சதவீதத்தைத் தாண்டும்போது தூசித் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கும். மூடுபனித் துளியையும் லேசர் தூசியாகவே எண்ணும். கேபினில் வைக்கும் அல்ட்ராசோனிக் நறுமணக் கருவியும் நறுமண ஸ்பிரேயும் எண்ணை வானத்துக்கு ஏற்றிவிடும். சென்சாரைக் குறை சொல்லுமுன் அதை அணையுங்கள்.

உண்மையான சோதனை இது: கண்ணாடிகளை ஏற்றி, உள்சுற்று, விசிறி நடு வேகம், பத்து நிமிடம். எண் தொடர்ந்து இறங்கி, தொடக்கத்தின் பாதிக்கும் கீழே வரவேண்டும். வராவிட்டால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். இருக்கிறதா, அம்புக்குறி சரியான பக்கம் பார்க்கிறதா, ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா, கறுத்துப்போயிருக்கிறதா. புது ஃபில்டர் சரியாக உட்கார்ந்த பிறகும் இறங்கவில்லை, தீக்குச்சிச் சோதனையிலும் இறங்கத் தாமதிக்கிறது என்றால்தான் சென்சார் குற்றவாளி.

கார்பன் டை ஆக்சைடு எண் உயர்ந்தே நின்றால்

திறந்த வெளியில் எல்லாக் கதவுகளையும் பத்து நிமிடம் திறந்து வைத்து, வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். உங்கள் மூச்சே கணக்கைக் கெடுக்கும். வெளிக்காற்றின் அளவு இப்போது 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) சற்று மேல். எண் அதன் அருகே வந்தால் சரி. 700, 800ல் நின்றால் அடித்தளம் நழுவியிருக்கிறது. இவற்றில் பல, கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே சுத்தமான காற்று என்று எடுத்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். எனவே ஒரு வாரம் தினமும் சற்று நேரம் கதவைத் திறந்து காற்றாட விட்டுப் பாருங்கள், பிறகு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

கனெக்டர் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். அதே மூன்று பின், அதே பூட்டு, ஆனால் ஒன்று 5 வோல்ட் வகை, இன்னொன்று துடிப்பு வகை, மூன்றாவது லின். தவறான வகையைப் போட்டால் வேலை செய்யாது. நீங்கள் ஒயரைத் தேடி நாளைக் கழிப்பீர்கள். பழைய சென்சாரின் மேலுள்ள பாக எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பிரித்த வண்டியிலிருந்து எடுத்த வாயு சென்சார் வேண்டவே வேண்டாம். அது எத்தனை சிலிக்கான் ஸ்பிரேயைக் கண்டது என்று யாருக்கும் தெரியாது.

சாவியை எடுத்து, சில நிமிடம் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கும்வரை காத்திருந்து கழற்றுங்கள். சீட்டுக்கு அடியில் வேலை என்றால் அங்கே ஏர்பேக் ஒயர்களும் ஓடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்துதான் தொடவேண்டும். வைப்பர் கவர் கழற்றும் வண்டியில் வைப்பர் கை நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். புது சென்சாரை மாட்டும்போது அதன் முகம் பழையது பார்த்த அதே திசையைப் பார்க்கவேண்டும். முகம் மேலே திரும்பினால் முதல் மழையிலேயே நீர் தேங்கிவிடும். பிளாஸ்டிக் பிடியில் போகும் திருகு, கை இறுக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

பிழைக்குறியை அழித்து, சாவியை ஒரு முறை அணைத்துப் போட்டு, ஐந்து நிமிடம் சூடாகவிட்டு ஸ்பிரிட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். புதிய படலம் நிலைப்பட இன்னும் சில மணி நேர ஓட்டம் தேவைப்படலாம். முதல் நாளில் அது கொஞ்சம் அதிகமாகப் பதறி மூடினால் உடனே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க ஓடவேண்டாம். இரண்டு நாள் ஓட்டிவிட்டு அதே டிஷ்யூ தாளோடு மறுபடி பாருங்கள்.